கையில் கிராஃபீன் இருக்கிறது, எந்த வழியில் சந்தைக்குப் போவது?

பெங்களூரில் கார்பன் நானோ பொருட்களில் ஆய்வு செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. கார்பன் அணுக்கள் ஒன்று அல்லது சில அடுக்குத் தடிமனில் தாளாக இருந்தால் கிராஃபீன், அந்தத் தாள் குழாயாகச் சுருண்டது போல இருந்தால் நானோகுழாய். இந்திய அறிவியல் நிறுவனமான ஐஐஎஸ்சியில் இருக்கிறார்கள், ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு மையத்தில் இருக்கிறார்கள், தனியார் கம்பெனிகளின் ஆய்வுப் பிரிவுகளிலும் இருக்கிறார்கள். முனைவர் பட்டம் முடியும் சமயத்தில் அவர்களில் பலருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: "என் நானோகுழாய் நன்றாக வந்திருக்கிறது, இதை எப்படி விற்பனைக்குக் கொண்டுபோவது?" நான் பிளாஸ்டிக் கலவைத் தொழிலில் இருப்பவன். இத்தகைய பொருட்களை வாங்கி, எந்திரத்தில் ஓட்டி, இது ஆகும், இது ஆகாது என்று சொல்கிற பக்கத்தில் பல வருடமாக இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதுகிறேன்.

அவர்கள் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். காப்புரிமையைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்துவிடலாம். சொந்தமாக ஆலை போட்டுத் தூளை விற்கலாம். தூளைக் கரைப்பானில் கலந்த பேஸ்டாகவோ, பிளாஸ்டிக்கில் செறிவாகக் கலந்த மணிகளான மாஸ்டர்பேட்சாகவோ மாற்றி விற்கலாம். இல்லையென்றால் கடைசிப் பொருளையே, அதாவது சென்சர், பேட்டரி, பெயின்ட் போன்ற ஒன்றை, நீங்களே செய்து விற்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிலோக் கணக்கில் போக வேண்டிய பொருள் என்றால் மூன்றாவது வழிதான் நம் ஊருக்கும் நம் பணபலத்துக்கும் பொருந்தும். மற்ற மூன்றுக்கும் இடம் உண்டு, ஆனால் அந்த இடம் குறுகியது.

எந்த வழியானாலும் காலம் பிடிக்கும். கார்பன் இழையின் கதையைப் பாருங்கள். ஜப்பானின் டோரே நிறுவனம் 1971-இல் அதை வணிக அளவில் செய்யத் தொடங்கியது. அதற்கு முதலில் காசு கொடுத்தவை தூண்டில் கழிகளும் கோல்ஃப் மட்டைகளும். எடையில் ஏறக்குறையப் பாதி, கார்பன் இழை போன்றவற்றைப் பிசினோடு சேர்த்த கூட்டுப்பொருளாலான போயிங் 787 விமானம் முதன்முதலில் பறந்தது 2009 டிசம்பரில். இடையில் 38 வருடம். விமானத்துக்காகக் காத்திருந்த காலமெல்லாம் தூண்டில் கழிதான் ஆலையை ஓட வைத்தது. கார்பன் நானோகுழாயைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர் ஐஜிமா எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1991-இல் வந்தது, கிராஃபீன் 2004-இல். அவற்றின் தூண்டில் கழி எது என்பதைத்தான் ஒவ்வொரு புது நிறுவனமும் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

உரிமம் கொடுப்பது

ஆய்வாளராகவே தொடர விரும்புகிறவருக்கு இது நிம்மதியான வழி. நிறுவனத்தின் தொழில்நுட்ப மாற்ற அலுவலகம் பேச்சுவார்த்தையைப் பார்த்துக்கொள்ளும், நீங்கள் அடுத்த ஆய்வுக்குப் போகலாம். ஆனால் இதற்கு முதலில் காப்புரிமை கையில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் இடறும் இடமும் இதுதான். கட்டுரை வெளியான பிறகு விண்ணப்பித்தால் அமெரிக்காவில் ஒரு வருடச் சலுகை உண்டு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் சில குறுகிய விதிவிலக்குகளைத் தவிர அந்தச் சலுகை கிடையாது. மாநாட்டுச் சுவரொட்டியில் செய்முறையைப் போட்டுவிட்டாலும் அதே சிக்கல்தான். தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டு வைத்தால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் கிடைக்கும். கல்வி நிறுவனங்களுக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகையும் இருக்கிறது. கட்டுரையை அனுப்புவதற்கு முந்தைய வாரமே இதை முடித்துவிட வேண்டும்.

அடுத்த சிக்கல், கார்பன் நானோ பொருட்களில் பெரும்பாலான காப்புரிமைகள் செய்முறை பற்றியவை. இந்த வெப்பநிலை, இந்த வினையூக்கி, இந்த வாயு விகிதம் என்றுதான் இருக்கும். இன்னொருவர் தன் ஆலைக்குள் அதே முறையைப் பின்பற்றினால், சந்தையில் கிடைக்கும் கருப்புத் தூளைப் பார்த்து அதை நிரூபிப்பது மிகக் கடினம். உரிமம் வாங்கும் கம்பெனிக்கும் இது தெரியும், விலையையும் அதற்குத் தகுந்த மாதிரியே பேசும்.

இருந்தாலும் இந்த வழியில்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். உரிமத்தைத் துறை வாரியாகப் பிரித்துக் கொடுங்கள்: பேட்டரிக்கு ஒருவர், ரப்பருக்கு ஒருவர், பூச்சுக்கு இன்னொருவர். அத்தோடு, விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் வருடத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு ராயல்டி என்று எழுதி வாங்குங்கள். மொத்த உரிமையையும் ஒரே கம்பெனிக்குக் கொடுத்து, அவர்கள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால், உங்கள் பத்து வருட உழைப்பு அங்கேயே கிடக்கும்.

கருவியாக மட்டுமே அர்த்தம் பெறும் கண்டுபிடிப்புக்கு உரிமம் நல்ல வழி. 2003-இல் ஐஐஎஸ்சியில் அஜய் சூட் குழுவினர், நானோகுழாய்க் கற்றை மேல் திரவம் ஓடும்போது மின்னழுத்தம் உண்டாவதைக் காட்டினார்கள். இப்படிப்பட்ட விளைவில் விலை மதிப்பு இருப்பது சில மில்லிகிராம் நானோகுழாயில் இல்லை, அந்த விளைவை அளவீடாக மாற்றும் வடிவமைப்பில்தான். அதற்குக் காப்புரிமை பலமாக நிற்கும், மீறினால் கண்டுபிடிக்கவும் முடியும்.

தூளை விற்பது

இளைஞர்களை அதிகம் இழுப்பது இந்த வழிதான். உலையை நாம் வடிவமைத்தோம், பொருள் நம்முடையது, அதை டன் கணக்கில் செய்து விற்போம் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் இந்த வழியில் பெரிய கைகளே சுட்டுக்கொண்டிருக்கின்றன. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 2010-இல் லெவர்குசனில் வருடத்துக்கு 200 டன் நானோகுழாய் செய்யும் முன்னோடி ஆலையைத் திறந்தது. 2013-இல் அந்தத் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. நானோகுழாய் பயன்படும் இடங்கள் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கின்றன, தங்கள் முக்கியத் தொழிலோடு ஒட்டவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். நானோகுழாயைச் செய்வது அவர்களுக்குக் கைவந்துவிட்டது, வாங்குபவரின் எந்திரம் வரை அதைக் கொண்டு சேர்ப்பதில்தான் பணமும் காலமும் கரைந்தன.

அமெரிக்காவில் எக்ஸ்ஜி சயன்சஸ் என்ற நிறுவனம் கிராஃபீன் தட்டுகளைச் செய்தது. அவர்களோடு சேர்ந்து ஃபோர்டு நிறுவனம் 2018-இல் கார் எஞ்சின் பக்கத்து உறைகளில் கிராஃபீனைக் கொண்டுவந்தது. நுரைக் கலவையில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் சேர்த்தார்கள், அதற்கே சத்தம் 17 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்கள். உலகமே பேசிய வெற்றி அது. ஆனாலும் 2022-இல் எக்ஸ்ஜியின் சொத்துகளை கனடாவின் நானோஎக்ஸ்ப்ளோர் வாங்கிக்கொண்டது. இந்த நானோஎக்ஸ்ப்ளோர் கிராஃபீனையும் செய்கிறது, பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனிகளையும் விலைக்கு வாங்கி வைத்திருக்கிறது. தன் தூளுக்குத் தானே முதல் வாடிக்கையாளர்.

நுரைக் கலவையில் அரை சதவீதம் என்பதை நின்று யோசித்துப் பாருங்கள். நானோ பொருளின் பெருமையே குறைவாகப் போட்டால் போதும் என்பதுதான். அதே காரணத்தால் தூள் விற்பவருக்கு அளவு ஏறவே ஏறாது. அளவு ஏறாவிட்டால் விலை இறங்காது, விலை இறங்காவிட்டால் புது வாடிக்கையாளர் வரமாட்டார்.

நம்பிக்கைக் குறைவு இன்னொரு பக்கம். 2018-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உலகம் முழுவதும் 60 நிறுவனங்களிலிருந்து கிராஃபீன் என்று விற்கப்பட்டதை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்லை, மீதி மெல்லிய கிராஃபைட் துகள்தான். எந்த மாதிரியிலும் பாதிக்கு மேல் தேறவில்லை. அப்புறம் ஐஎஸ்ஓ அளவீட்டு முறை வந்தது, பத்து அடுக்குக்கு மேல் போனால் கிராஃபீன் என்று சொல்லக்கூடாது என்ற வரையறையும் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஏமாந்தவர்கள் பலர். பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கொள்முதல் மேலாளரிடம் போய் கிராஃபீன் என்று ஆரம்பித்தாலே அவர் முகம் மாறுவதற்கு இதுதான் காரணம்.

பீன்யா என்றதும் ஒரு நாள் நடந்ததைச் சொல்லத் தோன்றுகிறது. ஒரு ஆய்வாளர் தன் நானோகுழாய்த் தூளைப் பையில் கொண்டுவந்திருந்தார். ஒரு கிலோ தூள் பத்து லிட்டர் வாளியை நிரப்பியது. இன்னும் லேசான ரகங்கள் இரண்டு வாளிகூடக் கேட்கும். இரட்டைத் திருகால் பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர் எந்திரத்தின் ஹாப்பரில், அதாவது பொருளைக் கொட்டும் வாயில், கொட்டினோம். பாலிமர் மணிகள் கீழே இறங்கின, தூள் மேலேயே வளைவு கட்டி நின்றுவிட்டது. எந்திரம் ஓட்டும் தர்மபுரிக்காரர் கட்டையால் ஹாப்பரைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "சார், தூள் இறங்கவே மாட்டேங்குது. இறங்கினா மொத்தமா விழுது. மோட்டார் லோடு எகிறுது பாருங்க." வெளியே வந்த இழையை வெட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும் கருப்புக் கட்டிகள். மின்தடையை அளந்தால் ஒரு அடிக்கு ஒரு மதிப்பு. அடுத்த ஆர்டர் வெள்ளைக் கலர் என்பதால் எந்திரத்தைக் கழுவி எடுக்கவே அந்தக் கடைக்கு ஒரு ஷிஃப்ட் போனது. ஆய்வாளர் கையில் இருந்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் அருமையானவை, ஒளியைப் பாய்ச்சிக் கார்பனின் தரத்தைப் பார்க்கும் ராமன் சோதனையின் வரைபடத்தில் குறைபாட்டைக் காட்டும் சிகரம் தாழ்ந்து சுத்தமாகத்தான் இருந்தது. பொருளில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்தக் கடைக்காரர் இனி எந்த நானோ தூளையும் உள்ளே விடமாட்டார்.

பாதுகாப்பையும் இங்கேயே சொல்ல வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய் அடுங்கிய பலசுவர் நானோகுழாயில் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. மற்ற ரகங்களைப் பற்றி வகைப்படுத்தும் அளவுக்குச் சான்று போதவில்லை என்றது. அமெரிக்காவின் தொழிலிட நல ஆய்வு நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணிநேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு மைக்ரோகிராம். தூளை வாளியிலிருந்து ஹாப்பரில் கொட்டும் இடத்தில் இந்த வரம்பைக் காப்பாற்ற, மூடிய அமைப்பும் உறிஞ்சு குழாயும் நல்ல வடிகட்டியும் வேண்டும். சிறு தொழிற்கூடத்தில் அவை இருப்பதில்லை. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை செய்கிறவருக்குத் தூள் அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன், அது எவ்வளவு நல்ல தூளாக இருந்தாலும் சரி.

பேஸ்டும் மாஸ்டர்பேட்சும்

மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவற்றை வாடிக்கையாளர் தலையிலிருந்து எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொள்வதே மூன்றாவது வழி. தூளைப் பிரித்துக் கலக்கும் கஷ்டத்தை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள், அதற்குத்தான் காசு வாங்குகிறீர்கள். மாஸ்டர்பேட்ச் என்றால் 15, 20 சதவீதம் நானோகுழாய் ஏற்கெனவே நன்றாகக் கலந்த பிளாஸ்டிக் மணிகள். வாங்குபவர் தன் வழக்கமான மணிகளோடு அதைச் சேர்த்து ஓட்ட வேண்டியதுதான். புது எந்திரம் வேண்டாம், தூசி பறக்காது, எந்திரத்தைக் கழுவும் வேலையும் மற்ற கருப்புக் கலவைக்கு ஆகும் அளவுதான்.

இந்த வழியில் முதலில் போனவர்கள் அமெரிக்காவின் ஹைபீரியன் நிறுவனத்தார். ஐஜிமாவின் கட்டுரைக்கு முன்பே, 1980-களில், நுண்ணிய கார்பன் இழைகளுக்குக் காப்புரிமை வாங்கியவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கிடைத்த தூண்டில் கழி, காரின் எரிபொருள் குழாய். பெட்ரோல் பிளாஸ்டிக் குழாயில் ஓடும்போது நிலைமின்சாரம் சேரும், அது பொறியாகக் கிளம்பினால் ஆபத்து. நைலானில் கொஞ்சம் நானோகுழாய் கலந்தால் மின்சாரம் வழிந்து போய்விடும், குழாயும் வளையும் தன்மையை இழக்காது. பெரிய கனவு ஒன்றும் இல்லாத, ஆனால் தவிர்க்க முடியாத ஒரு வேலை. அதனால்தான் அது நிலைத்தது.

நம் ஊருக்கு இதே மாதிரி ஒரு வேலை இருக்கிறது. பெங்களூரைச் சுற்றியும் ஓசூரிலும் மின்னணுப் பொருள் ஒன்றுசேர்க்கும் ஆலைகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஓசூரில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஒன்று போதும் உதாரணத்துக்கு. அங்கெல்லாம் சிப்புகளை வைத்து நகர்த்தும் தட்டுகளும் பெட்டிகளும் நிலைமின்சாரம் சேராதவையாக இருக்க வேண்டும். மேற்பரப்பு மின்தடை பத்து லட்சம் ஓமிலிருந்து நூறு கோடி ஓம் வரைக்குள் நிற்க வேண்டும் என்பது பொதுவாகக் கேட்கப்படும் அளவு. இதைக் கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூளை வைத்தே பல வருடமாகச் செய்கிறார்கள்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக விலைகளை உத்தேசமாக வைத்துக்கொள்கிறேன். ஒரு கிலோ கலவையில் கடத்தும் ரகக் கார்பன் பிளாக் 180 கிராம் போகிறது, கிலோ 500 ரூபாய் என்றால் 90 ரூபாய். நானோகுழாய் 30 கிராம் போதும், கிலோ 5,000 ரூபாய் என்றால் 150 ரூபாய். கிலோவுக்கு 60 ரூபாய் நீங்கள் அதிகம். இந்த 60 ரூபாயை எதைச் சொல்லி வாங்குவீர்கள்? 18 சதவீதம் கார்பன் பிளாக் போட்ட தட்டு உரசினால் கரி உதிரும், சுத்த அறையில் அது பெரிய தலைவலி. பிளாஸ்டிக்கும் உடையும் தன்மைக்கு வந்துவிடும், அச்சில் ஓடுவதும் கடினமாகும். நானோகுழாய்த் தட்டு உதிராது, கீழே விழுந்தால் தாங்கும், சுவரை மெல்லியதாக வார்க்கலாம். மெல்லிய சுவரில் மிச்சமாகும் பிளாஸ்டிக்கே அந்த 60 ரூபாயில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும். இந்தப் பேச்சை ஓசூரில் ஒரு மோல்டிங் கடைக்காரரிடம் பேசலாம். அவருக்குப் புரியும், சோதித்தும் பார்க்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. நானோகுழாய் அளவை ஏற்றிக்கொண்டே போனால் மின்தடை படிப்படியாக இறங்காது, ஒரு எல்லையில் சரிந்து விழும். அந்தச் சரிவின் நடுவில் தட்டு வேண்டும் என்று கேட்டால், கால் சதவீத வித்தியாசமே மின்தடையை நூறு மடங்கு மாற்றிவிடும். மோல்டிங் வேகம் கூடினால் மேல்தோலில் நானோகுழாய் விலகி, மேற்பரப்பின் மின்தடை ஏறும். ஆகவே மாஸ்டர்பேட்ச் விற்பவர் மணிகளோடு சேர்த்து, எந்த வெப்பத்தில் எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்ற அட்டையையும் கொடுத்து, முதல் நாள் எந்திரத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். உங்கள் முனைவர் பட்டம் உண்மையாகப் பயன்படும் இடம் அதுதான்.

இன்னொரு பக்கம் பேட்டரி. உலகில் இன்று நானோகுழாயை அதிகம் வாங்குவது லித்தியம்-அயன் செல் தொழில்தான். மின்வாய் (எலக்ட்ரோடு) கலவையில் மின்சாரம் பாய வழி செய்து கொடுப்பதற்காக அதைச் சேர்க்கிறார்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைச் செல்லில் அந்த மூலப்பொருளே மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால் தேவை கூடுதல். சீனாவின் சிநானோ நிறுவனம் சிங்குவா பல்கலைக்கழக ஆய்விலிருந்து கிளம்பி, நானோகுழாயைப் பேஸ்டாகச் செல் ஆலைகளுக்கு விற்று வளர்ந்தது, 2019-இல் ஷாங்காய் பங்குச் சந்தைக்கும் போனது. கார்பன் பிளாக்கில் பழம் தின்று கொட்டை போட்ட அமெரிக்காவின் கபோட் 2020-இல் ஒரு சீன நானோகுழாய் நிறுவனத்தை விலைக்கு வாங்கியதும் இந்தச் சந்தைக்காகத்தான்.

இங்கே நம் பக்கத்தில் ஓலாவின் செல் ஆலை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது, எக்ஸைடு நிறுவனத்தின் செல் ஆலைக்கான இடம் தேவனஹள்ளிப் பக்கம். மத்திய அரசு 2021-இல் 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றை இந்தத் தொழிலுக்காகவே கொண்டுவந்தது. பேஸ்டுக்கு உள்ளூர்க்காரருக்கு ஒரு இயற்கையான சாதகம் இருக்கிறது: அதில் நானோகுழாய் ஏறக்குறைய ஐந்து சதவீதம்தான், மீதியெல்லாம் கரைப்பான். நூறு கிலோ அனுப்பினால் 95 கிலோ கரைப்பானுக்குக் கப்பல் கூலி கொடுக்கிறோம். நாள்பட வைத்தால் பேஸ்ட் கெட்டியாகியும் போகும். கடல் கடந்து வருவதைவிட ஓசூர் சாலையில் வருவது எல்லா வகையிலும் நல்லது.

ஆனால் பேட்டரிக்காரர்களின் சோதனை கடுமை. நானோகுழாய் வளர வினையூக்கியாகப் பயன்பட்ட இரும்பும் கோபால்டும் மிச்சமிருந்தால் செல்லுக்குள் கசிவும் குறுக்குச்சுற்றும் வரும், ஆகவே பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் கணக்குக் கேட்பார்கள். பிளாஸ்டிக் தட்டுக்குத் தேறும் பொருள் இங்கே தேறாது. முதலில் நாணய அளவுச் சின்னச் செல், பிறகு பை வடிவச் செல், பிறகு முழு அளவு, பிறகு வாகனம் என்று வருடக் கணக்கில் இழுக்கும். அந்தக் காலம் முழுவதும் பேட்சுக்குப் பேட்ச் மாறாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், வருமானம் மட்டும் இருக்காது. நேர்மின்வாயில் பயன்படும் என்எம்பி என்ற கரைப்பான் கருவளர்ச்சிக்குக் கேடு செய்யக்கூடியது, அதைக் கையாளவும் மீட்டெடுக்கவும் தனி ஏற்பாடு வேண்டும். எதிர்மின்வாய்க்கு நீரில் செய்த பேஸ்ட் போதும், புதியவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

ஆகவே நான் சொல்லும் வரிசை: தட்டுக்கான மாஸ்டர்பேட்ச் முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் கொடுக்கட்டும், அதே நேரத்தில் பேட்டரிப் பேஸ்டின் சோதனை பின்னால் ஓடட்டும். ஒரே உலை, இரண்டு சுத்த அளவு. பேட்டரியை மட்டும் நம்பி இறங்கினால் சோதனை முடிவதற்குள் பணம் தீர்ந்துவிடும்.

கான்கிரீட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். 2021-இல் இங்கிலாந்தின் ஏம்ஸ்பரியில் கிராஃபீன் கலந்த கான்கிரீட்டில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தின் தளத்தையே போட்டார்கள். நல்ல முயற்சி. ஆனால் சிமென்ட் விலையோடு மல்லுக்கட்டி, கட்டுமான விதிகளில் இடம்பிடித்து, பொறியாளர்களை ஒப்புக்கொள்ள வைப்பது ஒரு சின்னக் கம்பெனியின் ஆயுளுக்குள் அடங்காது.

கடைசிப் பொருளைத் தானே செய்வது

முழு லாபமும் நமக்கே என்பது இதன் கவர்ச்சி. ஆனால் இதில் இறங்கியவுடன் நீங்கள் கார்பன் கம்பெனி இல்லை. பேட்டரி செய்தால் பேட்டரி கம்பெனி, பெயின்ட் செய்தால் பெயின்ட் கம்பெனி. விற்பனையாளர், உத்தரவாதம், பழுது, பணம் வசூல் எல்லாம் உங்கள் வேலையாகிவிடும். பொருள் நன்றாக இருப்பதற்கும் கிராஃபீனுக்கும் என்ன தொடர்பு என்று வாங்குபவர் கேட்கவே மாட்டார்.

மின்னணுச் சிப்பு போன்ற பெரிய இலக்குகள் ஒரு தலைமுறை கேட்பவை. நானோகுழாயில் முதல் டிரான்சிஸ்டர் 1998-இல் வந்தது, 14,000-க்கும் மேற்பட்ட நானோகுழாய் டிரான்சிஸ்டர்கள் கொண்ட கணினிச் செயலியை (பிராசஸர்) எம்ஐடி ஆய்வாளர்கள் 2019-இல்தான் காட்டினார்கள். அது அரசுப் பணத்தில் பல்கலைக்கழகத்தில் நடக்க வேண்டிய வேலை, நடந்துகொண்டும் இருக்கிறது.

ஒரு விதிவிலக்கை மட்டும் மனமாரச் சொல்வேன். அளவு சின்னது, விலை பெரியது, வாங்குபவர் விஷயம் தெரிந்தவர் என்ற மூன்றும் சேர்ந்த இடம். அமெரிக்காவின் நானோகாம்ப் நிறுவனம் நானோகுழாயைத் தாள் மாதிரி செய்தது, 2011-இல் வியாழனுக்குக் கிளம்பிய ஜூனோ விண்கலத்தில் நிலைமின்சாரக் காப்புக்கு அது போனது. 2018-இல் ஹன்ட்ஸ்மன் நிறுவனம் அவர்களை வாங்கியது. பெங்களூரில் செயற்கைக்கோள் செய்யும் யு.ஆர். ராவ் மையம் இருக்கிறது, விமான, விண்வெளித் தொழில்நுட்பத்துக்கான தேசிய ஆய்வகமான என்ஏஎல் இருக்கிறது, தனியார் விண்வெளிக் கம்பெனிகள் பல முளைத்திருக்கின்றன. சில சதுர மீட்டர் தாளுக்கு நல்ல விலை கொடுக்கக்கூடியவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். உங்கள் பொருள் தாளாகவோ நூலாகவோ வருமென்றால் நான்காவது வழியை யோசியுங்கள்.

எதை வைத்து முடிவெடுப்பது

நான் முதலில் பார்ப்பது, ஒரே செய்முறையில் அடுத்தடுத்து பத்து பேட்ச் செய்து, பத்தையும் ஒரே மாதிரி கொடுக்க முடிகிறதா என்பதை. ஆய்வுக் கட்டுரைக்குச் சிறந்த ஒரு பேட்ச் போதும், சந்தைக்கு மோசமான பேட்ச்தான் உங்கள் தரம். ராமன், வெப்ப எடையிழப்பு, பரப்பளவு, உலோக மிச்சம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு பேட்சுக்கும் எடுத்து, நல்லதோ கெட்டதோ எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். ஐஐஎஸ்சியின் நானோ அறிவியல் மையத்தில் வெளி ஆய்வாளர்களும் கருவிகளைப் பயன்படுத்த வழி இருக்கிறது. பத்து பேட்ச் ஒத்து வராவிட்டால் உரிமம் கொடுக்கும் வழியைத் தவிர மற்ற மூன்றையும் தள்ளிப் போடுவது நல்லது. உரிமம் வாங்குபவரிடமும் அதை மறைக்கக் கூடாது.

மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கிராஃபைட்டிலிருந்து உரித்தெடுக்கும் கிராஃபீன் என்றால் தமிழ்நாட்டுக் கனிம நிறுவனம் சிவகங்கையில் தட்டுக் கிராஃபைட் எடுத்துச் சுத்திகரிக்கிறது. நம் மண்ணின் கிராஃபைட் நம் ஊர் ஆலைக்கு வரவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, ஆனால் தட்டின் அளவும் சாம்பல் சதவீதமும் லோடுக்கு லோடு எப்படி மாறுகின்றன என்பதைச் சோதித்த பிறகே ஒப்பந்தம் போடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டத்தில், புது நிறுவனங்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர் மூலமாக முன்மாதிரிக்கு 20 லட்சம் வரை மானியமாகவும், சந்தைக்குப் போக 50 லட்சம் வரை கடன் அல்லது பங்காக மாறும் பத்திரமாகவும் கிடைத்தது. 20 லட்சத்தில் உலை வாங்கலாம், எக்ஸ்ட்ரூடர் வாங்க வராது. வாங்கவும் வேண்டாம். பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் ஜாப் ஒர்க்குக்கு எந்திரம் ஓட்டிக் கொடுக்கும் கலவைக் கடைகள் இருக்கின்றன. மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, கருப்புக் கலவை மட்டும் ஓடும் எந்திரமாகப் பார்த்துப் பிடியுங்கள்.

கடைசியாக, முதல் சோதனைக்குப் போவதற்கு முன் வாடிக்கையாளரோடு எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டியவை. எந்திர நேரத்துக்கும் கழுவும் செலவுக்கும் யார் காசு? வெற்றி என்பதற்கு அளவு என்ன: எந்த மின்தடை, எந்தத் தடிமனில், எத்தனை தட்டில் எத்தனை தேற வேண்டும்? தேறினால் அடுத்த ஆர்டர் எத்தனை கிலோ, எந்த மாதம்? சோதனையில் கிடைக்கும் கலவை விகிதம் யாருடையது? கடைசிக் கேள்விக்கு வாடிக்கையாளர் தயங்கினால், அவருடைய அச்சில் வார்க்கும் முறை அவருக்கு, மாஸ்டர்பேட்சுக்குள் இருப்பது உங்களுக்கு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் 500 கிராம் மணியைக்கூட விட்டுவிட்டு வராதீர்கள், சோதனை முடிந்ததும் மிச்சத்தை எடைபோட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.